மருந்துக்கு மட்டும்

மூன்றாவது தடவையாகவும் முடியாது என்றுதான் பதில் வந்தது.

ராஜராணி அதை அலுவலகத்தில், காலைக் கூட்டம் முடிந்து இருக்கையில் வந்து உட்கார்ந்த கையோடு படித்தாள். "உங்கள் விண்ணப்பத்தை மீண்டும் கவனமாகப் பரிசீலித்தோம். கழிவறை கட்டுவது எங்கள் அறக்கட்டளையின் நோக்கத்துக்குள் வராது. மருந்து வாங்குவதற்கென்றால் மகிழ்ச்சியோடு உதவுவோம்." கீழே, சென்ற தடவையைப் போலவே, அன்பான வாழ்த்து.

அவள் வேலை பார்ப்பது நியூ ஜெர்சியில் ஒரு மருந்துக் கம்பெனியில். மாத்திரை டப்பாவுக்குள் மடித்து வைக்கும் அந்த மெல்லிய தாளில் எந்தச் சொல் இருக்கலாம், எது கூடாது, எந்த வாக்கியத்தை யார் எப்படித் தப்பாக எடுத்துக்கொள்ளலாம் என்று பார்த்துப் பார்த்துத் திருத்துவதுதான் பதினெட்டு வருஷமாக அவள் பிழைப்பு. ஒரு சொல்லுக்காக ஒரு மருந்து ஆறு மாதம் நின்றதை அவள் கண்டிருக்கிறாள். அதனால் ஆரம்பத்தில் அந்த அறக்கட்டளைக்காரர்கள்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. சொல்லைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள், சொல்லாலேயே வழிக்குக் கொண்டுவரலாம் என்று நினைத்தாள். மூன்றாவது கடிதத்தில் அந்த நம்பிக்கை கரைந்துபோனது.

விஷயம் இதுதான். ராஜராணி பிறந்தது இலங்கையில், மஸ்கெலியாவுக்கு மேலே ஆபர்லீ என்ற தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிசனில். வெள்ளைக்காரன் காலத்தில் கொழுந்து பறிப்பவர்களுக்காக வரிசையாகக் கட்டிய ஒற்றை அறை வீடுகளை அங்கே லயம் என்பார்கள். அப்படி ஒரு லயத்தில் வளர்ந்து, ஸ்காலர்ஷிப்பில் படித்து, பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போய், அங்கிருந்து கடல் கடந்தவள். போன நவம்பரில் அடித்த புயலில் மலைச்சரிவு அந்த லயத்தின் பின்பக்கத்தை உரசிக்கொண்டு இறங்கியது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் இருபத்திரண்டு குடும்பங்களுக்கு இருந்த நான்கு கழிவறைகளும் மண்ணோடு போய்விட்டன.

நிவாரணம் வராமல் இல்லை. அரிசி வந்தது, பருப்பு வந்தது, தார்ப்பாய் வந்தது, ஒரே அளவில் முந்நூறு சட்டைகள் வந்தன. கழிவறை வரவில்லை. பெண்கள் விடிவதற்கு முன் எழுந்து தேயிலை மலைக்குள் போய்வந்தார்கள். தோட்டத்தை நடத்தும் கம்பெனி, அது அரசாங்கத்தின் பொறுப்பு என்றது. அரசாங்க அலுவலகம், நிலம் கம்பெனியுடையது என்றது.

இதையெல்லாம் அவளுக்குச் சொன்னது கோகிலவாணி. பள்ளிக்கூடத்தில் பக்கத்து இருக்கை. இப்போது தோட்டத்துப் பிள்ளைமடுவத்துக்குப் பொறுப்பு. அம்மாமார் மலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. அதற்கப்புறம்தான் ராஜராணி இணையத்தில் தேட ஆரம்பித்தாள். தேடியதில், தன் வீட்டிலிருந்து நாற்பது நிமிடத் தொலைவில், ஒரு பல் மருத்துவமனைக்கு மேல் மாடியில், இலங்கைத் தோட்டத் தமிழர்களுக்கென்றே நூறு வருஷத்துக்கு முன் எழுதி வைக்கப்பட்ட ஓர் அறக்கட்டளை இருப்பதைக் கண்டுபிடித்தாள். அன்று இரவுச் சாப்பாட்டுக்கு அடுப்பில் வைத்த பருப்பை மறந்து கருகவிட்டாள். அவ்வளவு சந்தோஷம்.

எலையாஸ் டனிசன் என்பவர் நியூவார்க்கில் பொத்தான் ஆலை வைத்திருந்தவர். 1914-இல் இலங்கையிலிருந்து விடுப்பில் வந்த ப்ளிம்ப்டன் என்ற மிஷன் டாக்டர் அவருடைய தேவாலயத்தில் திரையில் படங்கள் காட்டிப் பேசினார். கொக்கிப்புழு காலின் வழியே ஏறிக் குடலில் தங்கி ரத்தத்தைக் குடிக்கும். வெளிறிப்போன முகங்கள், வீங்கிய பாதங்கள், வேலைக்குப் போக முடியாமல் வாசலில் சாய்ந்திருக்கும் பெண்கள். அமெரிக்காவின் பெரும் செல்வர்கள் உலகத்து நோய்களுக்குப் பணம் கொடுக்கத் தொடங்கியிருந்த காலம் அது. கொக்கிப்புழுவை ஒழிப்பது அந்த வேலைகளில் முன்னால் நின்றது. டனிசன் அந்த அளவுக்குப் பணக்காரர் இல்லை. ஆனாலும் தன் பங்குக்கு அவரும் கொடுத்தார். சாகும்முன் ஒரு பத்திரமும் எழுதி வைத்தார். இலங்கைத் தோட்டங்களில் வேலை செய்யும் தமிழ்க் கூலிகளின் கொக்கிப்புழு நோய்க்கான மருந்துக்கு மட்டும். கட்டட வேலை எதற்கும் அல்ல.

அந்தக் கடைசி நாலு சொல்லில்தான் எல்லாம் வந்து நின்றது.

மதிய இடைவேளையில் காருக்குள் உட்கார்ந்து அறக்கட்டளையின் வக்கீலைக் கூப்பிட்டாள். அவன் பெயர் கிரீஷ். சென்னையில் பிறந்து, இங்கே வந்து சட்டம் படித்தவன். முதல் தடவை பேசியபோதே தமிழுக்கு மாறிவிட்டான்.

"மேடம், நான் ஓப்பனா சொல்றேன். உங்க அப்ளிகேஷன்ல எந்தத் தப்பும் இல்ல. டீட் அப்படி இருக்கு. நாங்க என்ன பண்றது?"

"தம்பி, மாத்திரை அங்க சும்மாவே கிடைக்குது. ஸ்கூல்ல நர்ஸ் வந்து குடுக்கிறாங்க. முழுங்கிட்டுப் பிள்ளைகள் திரும்பவும் காட்டுக்குத்தான் போகுது. அதே மண்ணு, வெறுங்காலு. இது நோய்க்கு வைத்தியம் இல்லாம வேற என்னாங்க?"

"லாஜிக் கரெக்ட். நான் ஒத்துக்கறேன். ஆனா அது மெடிசின் இல்லையே."

"உங்க வெப்சைட்ல 'தோட்டச் சமூகங்கள்'னு போட்டிருக்கு. பத்திரத்துல கூலின்னு இருக்கு. அந்தச் சொல்லை மட்டும் எந்தக் கோர்ட்டுக்குப் போய் மாத்துனீங்க?"

கிரீஷ் சிரித்தான். பிறகு சிரித்ததற்கு வருத்தப்பட்டவன்போல் தொண்டையைக் கனைத்தான். "அது வெப்சைட் மேடம். டீட்ல அப்படியேதான் இருக்கு."

"எங்க அம்மாவைச் சொல்றது அது."

"ஐ ஆம் சாரி மேடம்." குரலைத் தாழ்த்தினான். "ஒண்ணு பண்ணலாம். பழைய பேப்பர்ஸ் எல்லாம் ஆபீஸ்லயே பாக்ஸ் பாக்ஸா இருக்கு. ஃபவுண்டர் உயிரோட இருந்தப்பவே இந்தப் பணத்துல டாய்லெட் கட்டியிருந்தா, அவருக்கும் அது தெரிஞ்சிருந்தா, நான் போர்டுல எடுத்து ஆர்க்யூ பண்ண முடியும். தேடிப் பாருங்க."

பிப்ரவரி மாதத்துச் சனிக்கிழமைகள் நான்கும் அந்தப் பல் மருத்துவமனை மாடியில் போயின. கணவன் ஷாந்தன்தான் கொண்டுபோய் விடுவான். பனியில் அவளுக்கு ஓட்டப் பயம். யாழ்ப்பாணத்துக்காரன், பாலங்களின் பலத்தைக் கணக்கிடும் எஞ்சினியர், எதையும் இரண்டு தடவை அளந்து பார்க்கிறவன்.

"உந்தக் கிழட்டு ட்ரஸ்டோட மல்லுக்கட்டி என்ன காணப்போறீர்?" என்றான் முதல் சனிக்கிழமை. "நாங்கள் பத்துக் குடும்பம் சேர்ந்து காசு போட்டால் முடிஞ்சுது."

"நாம போடலாங்க. அடுத்த லயத்துக்கு யாரு போடுவா? அதுக்கு அடுத்ததுக்கு? இவங்ககிட்ட நூறு வருஷமா எங்க பேரைச் சொல்லி எழுதி வச்ச பணம் இருக்கு. வருஷத்துக்கு ஒரு லெக்சர் வச்சு, சாப்பாடு போட்டு, அதை முடிச்சிடுறாங்க."

அடுத்த வாரம் ஷாந்தன் அவள் கேட்காமலே ஃபிளாஸ்கில் தேநீர் ஊற்றிக் கொடுத்தான்.

பெட்டிகளில் இருந்தவை பெரும்பாலும் ப்ளிம்ப்டன் டாக்டர் எழுதிய கடிதங்கள். சாய்ந்த கையெழுத்து, ஊதா மை. முதல் வருஷத்துக் கடிதங்களில் உற்சாகம் பொங்கியது. ஓமத்திலிருந்து எடுக்கும் தைமால்தான் அப்போது மருந்து. ராப்பட்டினி போட்டு, விடியலில் மருந்து கொடுத்து, பின்னால் பேதி உப்பு. ஒரே வருஷத்தில் ஆயிரத்து நூறு பேருக்குக் கொடுத்ததாகப் பெருமையாக எழுதியிருந்தார். ஆபர்லீயின் பெயரும் ஒரு பட்டியலில் இருந்தது. ராஜராணி அந்த இடத்தில் விரலை வைத்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். தன் கொள்ளுப்பாட்டன் யாராவது அந்த உப்பைக் குடித்து முகத்தைச் சுளித்திருப்பான்.

இரண்டாம் வருஷம் எழுத்தின் தொனி மாறிவிட்டது. மருந்து சாப்பிட்டவர்களில் முக்கால்வாசிப் பேருக்குத் திரும்பவும் புழு. "நான் சுத்தம் செய்து அனுப்புகிறேன், அவர்கள் திரும்பிப் போய் அதே மண்ணை மிதிக்கிறார்கள். ஒதுங்க ஓர் இடம் இல்லாதவனுக்கு நான் மருந்து கொடுத்து என்ன பயன்?" தோட்ட மேனேஜர்களை அங்கே இன்றும் துரை என்பார்கள். அந்தக் காலத்துத் துரைகளைக் கேட்டால், இந்த ஜனங்கள் கட்டிக்கொடுத்தாலும் உபயோகிக்கமாட்டார்கள் என்றார்களாம்.

மூன்றாம் சனிக்கிழமை, நான்காவது பெட்டியில், அவள் தேடியது கிடைத்தது. 1916 ஒக்டோபர். டனிசனின் பணத்தில் பதினொரு குழிக் கழிவறைகள் கட்டியிருப்பதாக டாக்டரே எழுதியிருந்தார். கூடவே ஒரு புகைப்படம். தகரக் கூரை போட்ட ஒரு சின்ன அறை, பக்கத்தில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு டாக்டர், சற்றுத் தள்ளித் தலைப்பாகை கட்டிய இரண்டு பேர். "ஆறு மாதமாக எல்லாரும் இதைத்தான் உபயோகிக்கிறார்கள்" என்று பின்னால் எழுதியிருந்தது.

அவள் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றாள். கண் கலங்கியது. கீழே ஷாந்தன் காரின் மேல் படிந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தான். கண்ணாடியைத் தட்டிக் கூப்பிட்டாள். அவன் அண்ணாந்து பார்த்து, என்ன என்று கையால் கேட்டான். புகைப்படத்தைத் தூக்கிக் காட்டினாள். அங்கிருந்து அவனுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. ஆனாலும் கட்டைவிரலைக் காட்டினான்.

மார்ச் இரண்டாம் வாரம் போர்டு கூடியது. ஐந்து பேர். தலைவி எலினோர், டனிசனின் தம்பி வழிப் பேத்தியின் மகள், எழுபது தாண்டியவர், மூட்டுவலிக்காக ஊன்றுகோல் வைத்திருந்தார். ராஜராணி நீலப் புடவை கட்டிப் போயிருந்தாள். பத்து நிமிடம் பேசினாள். புகைப்படத்தைக் காட்டினாள், கடிதத்தை வாசித்தாள். நன்கொடையாளர் உயிரோடு இருந்தபோதே அவருடைய பணம் கழிவறைக்குப் போயிருக்கிறது, ஆகவே மருந்து என்று அவர் சொன்னதற்குள் இதுவும் அடங்கும் என்று முடித்தாள். வாழ்க்கையில் அவள் எழுதிய எந்த விளக்கமும் இவ்வளவு ஓட்டையில்லாமல் இருந்ததில்லை. ஒருவர் தலையாட்டியதையும் கண்டாள்.

அப்போது எலினோர் தன் பையிலிருந்து தோல் அட்டை போட்ட ஒரு பழைய நோட்டை எடுத்தார். டனிசன் தான் அனுப்பும் கடிதங்களுக்கெல்லாம் நகல் வைத்துக்கொள்ளும் நோட்டு. குடும்பத்தில் இருந்தது, பெட்டிகளில் சேரவில்லை.

"இதை நீங்கள் பார்த்திருக்க முடியாது. எனக்கே போன வாரம்தான் கண்ணில் பட்டது. உங்களிடம் மறைப்பது நியாயமில்லை" என்று சொல்லிவிட்டு வாசித்தார்.

1917 ஜனவரியில் டாக்டருக்கு டனிசன் எழுதியது அது. கோபத்தில் எழுதியது என்று கேட்கும்போதே தெரிந்தது. நான் நோயாளிக்கு மருந்து கொடுக்கச் சொன்னேன். தோட்ட முதலாளிக்குக் கழிவறை கட்டித்தரச் சொல்லவில்லை. அந்த ஜனங்கள் பறிக்கும் தேயிலையை விற்று அவன் லண்டனில் மாளிகை வைத்திருக்கிறான். அவனுடைய வேலைக்காரனுக்கு ஒதுங்க இடம் கட்டித்தருவது அவன் கடமை. இன்று நான் கட்டினால் இனி அவன் ஒருநாளும் கட்டமாட்டான். என் பணத்தில் ஒரு காசுகூட அவனை அந்தக் கடமையிலிருந்து விடுவிக்கக் கூடாது. என் பத்திரத்தில் இதை எழுதி வைக்கப்போகிறேன்.

ராஜராணிக்குக் காது சுட்டது. அந்தக் கிழவனைக் கருமி, பிடிவாதக்காரன், கழிவறை என்றால் முகம் சுளிக்கும் பெரிய மனிதன் என்றெல்லாம் இரண்டு மாதமாக மனசுக்குள் திட்டியிருந்தாள். அவனோ, அவள் சொல்லவேண்டியதை அவளுக்கு முன்னால் சொல்லியிருக்கிறான். அவன் சொன்னதில் ஒரு வரிகூடத் தப்பில்லை. அந்தத் தப்பில்லாத வரிகளால்தான் கோகிலவாணியின் மருமகள் ஏழு மாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு விடியலுக்கு முன் சறுக்குப் பாதையில் இறங்கிக்கொண்டிருந்தாள்.

"அவர் சொன்னது சரி" என்றாள் கடைசியில். "கட்டவேண்டியவர்கள் கட்டவில்லை. நூறு வருஷம் பார்த்தாகிவிட்டது. இன்னும் எவ்வளவு நாள் அவர்கள் கட்டுவதற்காகக் காத்திருக்க வேண்டும்?"

வாக்கெடுத்தார்கள். மூன்றுக்கு இரண்டு என்று விண்ணப்பம் தோற்றது. எலினோர் எதிராகத்தான் கை தூக்கினார். வேண்டுமானால் மாத்திரை எவ்வளவு கேட்டாலும் தருகிறோம் என்று ஒருவர் மிகவும் கனிவாகச் சொன்னார்.

கிரீஷ் வாகன நிறுத்துமிடம்வரை கூடவே வந்தான்.

"கோர்ட்டுக்குப் போய் டீட்ட மாத்தச் சொல்லலாம் மேடம். ஆனா அதுக்கு ட்ரஸ்டீஸ் மெஜாரிட்டி வேணும். அப்புறமும் ஒன்றரை வருஷம் ஆகும். அந்த லெட்டர் இருக்கற வரைக்கும் ஜட்ஜ் ஒத்துக்கறது கஷ்டம்."

"நீங்க யாரு பக்கம் தம்பி?"

"நான் ட்ரஸ்டோட லாயர் மேடம்." முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "எனக்கு வோட்டு இருந்தா வேற மாதிரி போயிருக்கும்."

"உங்களுக்கு வோட்டு இல்லையே" என்று சொல்லிவிட்டுக் கதவை அடித்துச் சாத்தினாள். பாதி வழி வந்தபிறகுதான் அந்தப் பையன்மேல் காட்டியிருக்க வேண்டாம் என்று தோன்றியது.

மறுநாள் காலை கோகிலவாணியை வீடியோவில் கூப்பிட்டாள். அங்கே சாயந்தரம், பிள்ளைமடுவத்தைப் பூட்டிவிட்டு வாசலில் நின்றிருந்தாள்.

"மாத்திரை வேணுமான்னு கேக்கிறாங்கடி."

"மாத்திரையா? போன மாசந்தானே நர்சம்மா வந்து குடுத்துட்டுப் போனாங்க. அதைத் தின்னுட்டு நாங்க எங்க போறதாம்?" கோகிலவாணி சிரிக்கத்தான் பார்த்தாள். "ராணி, நீ விட்டுரு. உனக்கும் வேலை வெட்டி இருக்கு. இங்க எல்லாரும் இதுக்குப் பழகிட்டாங்க."

பழகிவிட்டார்கள் என்ற அந்தச் சொல்தான் ராஜராணிக்குப் பொறுக்கவில்லை. அந்த வாரம் முழுக்க வீட்டில் யாரோடும் சரியாகப் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் ஷாந்தன் வந்து எதிரில் உட்கார்ந்தான்.

"அந்தக் கடிதத்தில மனுசன் தோட்ட முதலாளியைத்தானே ஏசியிருக்கிறார்?"

"ஆமா."

"அந்த முதலாளி அதை வாசிச்சவனோ?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். டாக்டருக்குப் போன கடிதம் அது. டாக்டர் அதைத் துரைகளிடம் காட்டியிருக்க மாட்டார். அவர்கள் தயவில்தான் தோட்டத்துக்குள் நுழைய முடியும். நூறு வருஷமாக அந்தக் கோபம் ஒரு நோட்டுக்குள்ளேயே கிடந்திருக்கிறது. அந்தக் கடிதத்தை இன்றைய தோட்டக் கம்பெனிக்கு அனுப்பும்படி அன்றிரவே அறக்கட்டளைக்கு எழுதினாள்.

எலினோரைத் தொலைபேசியில் பிடிக்க இரண்டு வாரம் ஆனது. அறக்கட்டளையின் பெயரில் அனுப்ப முடியாது, நாங்கள் போராட்டக்காரர்கள் இல்லை என்று போர்டு மறுத்துவிட்டதை முதலிலேயே சொன்னார். ராஜராணி கைபேசியைக் காதிலிருந்து எடுத்து, கூரையைப் பார்த்து மூச்சு விட்டுவிட்டுத் திரும்ப வைத்தாள். எலினோர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.

"நான் உங்களுக்கு எதிராகத்தான் வாக்களித்தேன். நாளைக்கே திரும்ப வாக்கெடுத்தாலும் அப்படித்தான் செய்வேன். அவர் கையெழுத்தை நான் மீற முடியாது. ஆனால் அந்தக் கடிதம் என் குடும்பச் சொத்து. அதை என் சொந்தப் பெயரில் யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். முகவரி கொடுங்கள்."

ராஜராணி இரண்டு முகவரி கொடுத்தாள். ஒன்று கொழும்பில், தோட்டத்தை நடத்தும் கம்பெனி. இன்னொன்று அந்தத் தேயிலையை வாங்கி, சிரித்த முகத்தோடு கொழுந்து பறிக்கும் பெண்ணின் படம் போட்ட டப்பாவில் அமெரிக்கக் கடைகளில் விற்கும் நிறுவனம். எலினோர் கடிதத்தின் நகலை வைத்தார். ராஜராணி இன்றைய நிலைமையை ஒரே பக்கத்தில் எழுதினாள், கோகிலவாணி அனுப்பிய நான்கு படங்களை இணைத்தாள். ஒரு சொல்லையும் யாராலும் பிடித்துத் தொங்க முடியாதபடி எட்டுத் தடவை திருத்தினாள்.

ஏப்ரல் போனது. அமெரிக்க நிறுவனத்திலிருந்து உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம் என்று இயந்திரம் எழுதிய பதில் வந்தது. கொழும்பிலிருந்து ஒன்றுமில்லை. மே மாதம் அவள் கொழும்புக்கு மறுபடி எழுதினாள். சம்பந்தப்பட்ட பிரிவுக்கு அனுப்பியிருக்கிறோம் என்று இரண்டு வரி வந்தது. சம்பந்தப்பட்ட பிரிவு எது என்று கேட்டு எழுதினாள். அதற்குப் பதிலில்லை. எலினோர் தன் நடுங்கும் கையெழுத்தில் இன்னொரு கடிதம் போட்டார். இந்தத் தடவை அமெரிக்க நிறுவனத்தின் தலைவருக்கே, பதிவுத் தபாலில்.

ஜூன் முதல் வாரம், காலை எட்டு மணிக்கு, ராஜராணி வேலைக்குக் கிளம்பி காரில் ஏறும்போது கோகிலவாணி கூப்பிட்டாள். திரையில் அவள் முகம் இல்லை. மழையும் லயத்தின் பின்பக்கமும் ஆட்டம் ஆட்டமாகத் தெரிந்தன.

"தெரியுதா? அந்தா பாரு."

"என்னாது அது?"

"மணலு. ஒரு லோடு. நேத்து ட்ராக்டர்ல கொண்டாந்து கொட்டிட்டுப் போனாங்க. கக்கூஸ் கட்டவாம். பெரிய தொரையே வந்து எடத்தைப் பாத்துட்டுப் போனாரு, ராணி! எங்க அம்மா காலத்துல இருந்து பெரிய தொரை லயத்துக்குப் பின்னால வந்ததில்ல."

ராஜராணி கார்க் கதவைப் பிடித்துக்கொண்டாள். "கல்லு? சிமெந்து?"

"வரல. எப்ப வரும்னு கேட்டேன். தெரியாதுங்கிறாங்க. எத்தனை கட்டுவாங்கன்னும் தெரியல. சின்னத் தொரை ரெண்டுங்கிறாரு, கணக்கப்பிள்ளை நாலுங்கிறாரு. மழை வேற கொட்டுது, மணலு பாதி ஓடிரும் போல. தார்ப்பாய் போட்டு மூடியிருக்கோம். பொடிசுங்க ஏறி ஏறி அளையுதுங்க, வெரட்டி மாளல."

"யாரும் எடுத்துட்டுப் போகாம பாத்துக்க. தேதி தெரியுற மாதிரி ஒரு போட்டோ எடுத்து அனுப்பு."

"எதுக்கு? சந்தோசப்படேன்டி கொஞ்சம்."

சந்தோஷப்படத்தான் பார்த்தாள். ஆனால் வந்தது ஆத்திரம். ஒரு செத்துப்போன மனிதரின் கோபம், எழுபது வயதுப் பெண்ணின் இரண்டு கடிதம், தன்னுடைய ஆறு மாதம், எல்லாம் சேர்ந்து ஒரு லோடு மணல். கோகிலவாணியிடம் அதைச் சொல்லவில்லை. கேமராவைத் தன் பக்கம் திருப்பி, புடவைத் தலைப்பால் தலையை மூடிக்கொண்டு மழையில் நிற்கும் அவளைப் பார்த்து, "நல்லதுடி" என்று மட்டும் சொன்னாள்.

அலுவலகத்துக்கு முக்கால் மணி நேரம் பிந்திப் போனாள். தன் வேலையைத் திறப்பதற்கு முன் கொழும்புக் கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் திறந்தாள். மணல் அனுப்பியதற்கு நன்றி என்று தொடங்கினாள். அதைப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது, அழித்தாள். நன்றி இல்லாமல் தொடங்கினால் இரண்டாவது வரியை வாசிக்கமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். திரும்பவும் அதையே எழுதினாள்.

அதற்குக் கீழே, கல் எப்போது வரும், எத்தனை கழிவறை கட்டுவீர்கள் என்று கேட்டாள்.